வேலிக்காத்தானும் வெள்ளரிப்பழமும்

என் கணவர் வீட்டார் என் அண்ணனின் கையை உடைத்தது ஒரு வெள்ளரிப்பழத்துக்காக. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் நான் மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. பிறந்த ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். மஞ்சளும் பாக்கும் வாழையும் விளைகிற, வாய்க்கால் ஓடுகிற மண். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் அண்ணனும்தான். கட்டிக்கொடுத்த ஊர் எருமப்பட்டியைத் தாண்டிய மானாவாரிக் காடு. நிலக்கடலை, சோளம், கிணற்றில் தண்ணீர் கிடந்தால் வெங்காயம். காட்டைச் சுற்றி, வீட்டைச் சுற்றி, மாடு கட்டும் கட்டுத்தரையைச் சுற்றி, எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேல மரம். வேலிக்காத்தான் என்பார்கள். மழை பெய்யாத ஊரில் அது ஒன்றுதான் பச்சையாக நின்றது. மாசி பிறந்துவிட்டால் பூனைவால் மாதிரி மஞ்சள் பூங்கதிர்கள் கிளைக்குக் கிளை தொங்கும். தேனீ இரையும். காற்று திரும்பினால் வாசலில் வைத்த தண்ணீர்க் குடத்தின் மேல் மஞ்சளாக ஒரு தூசிப் படலம் மிதக்கும்.

தை மாதம் கல்யாணம். மாசியில் என் கணவர் தும்ம ஆரம்பித்தார். தும்மல் என்றால் நமக்கெல்லாம் வருகிற தும்மல் இல்லை. விடியும்போது தொடங்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரில் தலை மோதுகிற அளவுக்குத் தும்முவார். கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோலச் சிவந்திருக்கும். உள்ளங்கையால் அவர் கண்ணைத் தேய்க்கும் வேகத்தைப் பார்த்தால் பிடுங்கி எறிந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கும். “சூட்டு ஒடம்பு. அவனுக்குச் சின்னதுலிருந்தே அப்பிடித்தான்” என்று மாமியார் விளக்கெண்ணெய் வைத்துவிடுவார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவர் அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்செல்லாம் அவருடைய அண்ணன் பேச்சுதான். எனக்கு மூத்தார் முறை. முரண்டு பிடிக்கும் காளையைக் கொம்பைப் பிடித்தே மண்டிபோட வைக்கிற உடம்பு. தம்பிமேல் உயிர். ஆனால் அந்தப் பாசம் எப்போதும் அதட்டலாகத்தான் வெளியே வரும். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் அப்போது வீட்டில் இருந்த பெண்கள் மாமியாரும் நானும்தான். மாமியாருக்கு ஒரே பயம், பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போய்விடுவார்களோ என்று. பக்கத்துத் தோட்டத்து மருமகள் புருஷனுக்குச் சோற்றில் மருந்து வைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் என்ற கதையை நான் போன முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பங்குனியில் நான் பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது, ஊரே கூடுகிற திருவிழா. புது மாப்பிள்ளையை அழைக்காமல் எப்படி? நாங்கள் இருவரும் முதல் நாளே போனோம். மூத்தார் நோம்பியன்று மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கோயில் வாசலில் கிடாய் வெட்டு. தலைகள் விழ விழ, பறை அடி ஏற ஏற, வெயிலும் இரத்த வாடையும் சேர்ந்து தலையைச் சுற்றியது. கோயிலிலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஏரிக்கரை முழுக்க வேலிக்காத்தான் பூத்துக் கிடந்தது. என் கணவர் தும்மித் தும்மி முகம் வீங்கித்தான் வீட்டுக்குள் வந்தார்.

கறிச்சோறு முடிந்ததும் அம்மா ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார். எங்கள் தோட்டத்து வெள்ளரிப்பழம். பழுத்துத் தானாக வெடித்தது. மாவு மாவாக உதிர்கிற அந்தச் சதையில் நாட்டுச்சர்க்கரையைத் தூவி இருந்தார். வெயில் காலத்தில் வீட்டுக்கு வரும் ஒறம்பரைக்கு அதைவிடக் குளிர்ச்சியாகக் கொடுக்க எங்களிடம் வேறெதுவும் இல்லை.

“சாப்புடுங்க மாப்ள. ஒடம்புச் சூட்டுக்கு நல்லதுங்க.”

“வேண்டாமுங்க அத்தை. வயிறு நெறைஞ்சிருச்சுங்க.”

“ஏன்டா, மாமியா ஊட்ல ஆசையாக் குடுக்கறாங்க, வேண்டாங்கற?” என்றார் மூத்தார். “தின்றா. நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

என் கணவர் தன் அண்ணனை ஒருமுறை பார்த்தார். தட்டை வாங்கினார். மருந்து குடிப்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு வேகவேகமாகத் தின்றார். வெட்கப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

தட்டைக் கீழே வைக்கும்போதே உதட்டைச் சொறிந்தார். தொண்டைக்குள் விரல் விட முடியாதே, அதனால் நாக்கை மேலண்ணத்தில் வைத்து உராய்ந்து ஒரு கரகரச் சத்தம் எழுப்பினார். பிறகு கீழுதடு பருத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கவிழ்ந்து தொங்கியது. கண் இமைகள் மூடிக்கொண்டன. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. விசில் மாதிரி ஒரு மூச்சுதான் வந்தது.

“என்னத்தைடீ போட்டுக் குடுத்தீங்க?” மூத்தார் எழுந்தார். “மருந்து வெச்சுட்டீங்களா? என்ற தம்பிக்கு மருந்து வெச்சுட்டீங்களாடீ!”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூத்தார் அவர் கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அம்மா தட்டோடு போய்த் தூணில் விழுந்தார். அண்ணன் வாசலிலிருந்து ஓடி வந்தான். அவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அம்மா நெற்றியில் இரத்தத்தைத்தான் அவன் பார்த்தான். பாய்ந்து மூத்தாரின் சட்டையைப் பிடித்தான். சுவரோரம் உலக்கை சாத்தியிருந்தது. மூத்தார் அதை எடுத்துச் சுழற்றினார். அண்ணன் தலையைக் காக்கக் கையைத் தூக்கினான். காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வந்தது.

இரண்டாவது அடிக்கு உலக்கை ஓங்கியபோது நான் அந்த மணிக்கட்டில் பல்லைப் பதித்தேன். வாயில் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அவர் மறு கையால் என் முகத்தில் குத்தினார். எனக்கு வலித்ததாக நினைவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது.

நோம்பிக்குக் கூடியிருந்த சனம் அதற்குள் வாசலை நிறைத்துவிட்டது. அண்ணனின் கூட்டாளிகள் மூத்தாரை வெளியே இழுத்துப் போட்டார்கள். புளிய விளாரால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள், ஒருவன் கல்லைத் தூக்கினான். மூத்தாரின் ஒரு காது மடல் கிழிந்து தொங்கியது. அப்போதும் அவர், “தம்பி! தம்பி!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பியை யாரும் பார்க்கவில்லை. அவர் கட்டிலில் தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. நகக்கண் நீலமாகிவிட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கேட்டுத் திரும்பிய ஒரு பெரியவர்தான் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டெம்போவை நிறுத்தினார். மூட்டைகளின் மேல் அவரைக் கிடத்தி, அண்ணனையும் ஏற்றி, ராசிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஒரு பக்கம் கை ஒடிந்தவன், ஒரு பக்கம் மூச்சு அடைத்தவர். இரண்டு பேரின் தலையும் என் மடியில்.

ராசிபுரத்து டாக்டர் எதுவும் கேட்கும் முன்பே ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சின் விசில் தணிந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டார், என்ன சாப்பிட்டார் என்று.

“இது அலர்ஜிம்மா. பழம் இவர் ஒடம்புக்கு ஒத்துக்கலை. யாரும் மருந்து வைக்கலை, மாயம் வைக்கலை. இனிமே அந்தப் பழத்தைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க.”

அலர்ஜி என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் யாரும் அங்கே இல்லை.

மறுநாள் மாமியார் பங்காளிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. விடியும்போதே அங்கே வந்திருந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நெற்றியில் கட்டு.

“போ சாமி. நீ போகலீன்னா நாமதான் வெச்சோம்னு ஆயிரும்.”

போனேன்.

அங்கே போய் இறங்கியதும் தெரிந்தது, மருந்தெடுப்பவரை ஏற்கனவே வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். தம்மம்பட்டிப் பக்கத்து ஆள். வயிற்றில் வைத்த மருந்தை வாய்வழியாக எடுத்துக் காட்டுபவர் என்று அந்த வட்டாரத்தில் பேர். ஏதோ ஒரு பச்சிலையை அரைத்துக் கரைத்து, என் கணவரைக் கட்டுத்தரையில் குத்துக்காலிட்டு உட்காரவைத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, மூக்கைப் பொத்தி ஊற்றினார்கள். அவர் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். மஞ்சளாக, பிறகு பச்சையாக, பிறகு இரத்தக் கோடுகளாக. ஒவ்வொரு முறை குமட்டும்போதும் மருந்தெடுப்பவர் அவர் முதுகில் ஓங்கி அறைந்தார். தலைக்கு மேலே வேலிக்காத்தான் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. வாந்திக்கு நடுவில் தும்மல். தும்மலுக்கு நடுவில் இழுப்பு.

கடைசியில் அந்த ஆள் வாந்திக்குள் கையை விட்டு மயிர் சுற்றிய ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துக் காட்டினார். “இதாங்க” என்றார்.

அது அவர் விரலிடுக்கில் முன்பே இருந்ததை நான் பார்த்தேன். சொன்னேன். சொன்னதுதான் தாமதம். தலையில் கட்டும் காதில் பஞ்சுமாக உட்கார்ந்திருந்த மூத்தார் எழுந்து மாட்டுச் சாட்டையை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது. நான் ஓடவில்லை. ஓடினால் வைத்தவள் ஆகிவிடுவேன் என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது. ரவிக்கை கிழிந்தது. “ஒத்துக்கடீ, ஒத்துக்கடீ” என்று மாமியார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. அது எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் என் கணவரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை.

சாட்டையைவிட அதுதான் என்னை அடித்தது.

மருந்து எடுத்த வயிற்றைக் கட்ட வேண்டுமாம். சாமிக்கு வைத்து மந்திரித்த வாழைப்பழத்தைச் சாப்பிடவேண்டும் என்றார் அந்த ஆள். சந்தையிலிருந்து பழத்தை வாங்கி வந்தவர் மூத்தார். உரித்து, திருநீறு தூவி, மந்திரித்து, மூத்தார் கையாலேயே தம்பிக்கு ஊட்டவைத்தார்கள். ஊரில் பாதிப்பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் வாயை மூடிக்கொண்டார். “தின்றா, செரியாப் போயிரும்” என்று மூத்தார் கெஞ்சினார். ஆமாம், கெஞ்சினார். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. தம்பி வாயைத் திறந்தார். இரண்டு வாய் விழுங்கினார்.

வாசலில் நின்றவர்கள் முதலில் பார்த்தது அவர் காதை. சிவந்து தடித்தது. அடுத்து உதடு. அதே உதடு, அதேபோலக் கவிழ்ந்தது. அதே கரகரச் சத்தம். மூத்தார் கையில் மிச்சப் பழம் இருந்தது. அவர் பழத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார்.

“நான் வாங்கியாந்த பழம்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “நான்தானுங்க வாங்கியாந்தேன்.”

ராசிபுரத்தில் கொடுத்து அனுப்பிய மாத்திரை என் முந்தானையில் முடிந்திருந்தது. ஓடிப்போய் அவர் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நல்லவேளை, அன்று வீக்கம் வாயோடு நின்றது. மூச்சு அடைக்கவில்லை. பேச முடிந்ததும் அவர் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, உடைந்த குரலில் சொன்னார்.

“எனக்குச் சின்னதுலிருந்தே இப்பிடித்தானுங்க ஆகும். வெள்ளரிப்பழம், வாழைப்பழம், பச்சைத் தக்காளி, எதைத் தின்னாலும் வாயி அரிச்சு ஊரும். இந்த முள்ளு பூக்கறப்போ இன்னும் கூடும். யாரும் மருந்து வெக்கலைங்க.”

“ஏன்டா சொல்லலை?” மாமியார் அலறினார்.

அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் கரண்டி முனை அளவுக்கு ஒரு பழைய சூட்டுத் தழும்பு. நான் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

“பழனிப் பஞ்சாமிர்தத்தைத் துப்பினேன்னு நீங்கதானுங்கம்மா போட்டீங்க.”

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தன் வாயிலும் வயிற்றிலும் அறைந்துகொண்டார். மூத்தாரோ திரும்பி மருந்தெடுப்பவரின் கழுத்தைப் பிடித்தார். அந்த ஆளை அடித்த அடியைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. என்னை அடித்த அதே கை, அதே வேகம். ஆள்தான் மாறியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் அன்று கொலை விழுந்திருக்கும்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் நான் உள்ளே போய் வேறு ரவிக்கை மாற்றிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையில் துணியை எடுத்துக்கொண்டு, சாலைக்கு நடந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அவர் மட்டும் தட்டுத்தடுமாறி வேலி வரைக்கும் வந்தார்.

“அம்மிணி” என்றார்.

“நீங்க பேசுனது நல்லாத்தான் இருந்துதுங்க. ஆனா என்னைய அடிக்கறப்பவே பேசியிருக்கோணும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ராசிபுரத்தில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டு, நாட்டு வைத்தியர் ஒருவர் அண்ணனின் கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவன் அந்தக் கையால் மறுபடி மண்வெட்டி பிடிக்கவே வருஷம் ஆனது. பிடித்தபோதும் பழைய வீச்சு இல்லை. மாமியார் வீட்டிலிருந்து இரண்டு தடவை பெரியவர்கள் வந்து பேசினார்கள். அண்ணன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் என் கணவர் தனியாக வந்தார். பூ உதிர்ந்த காலம். கண் தெளிந்து, முகம் வாடி, வேறு ஆள் மாதிரி இருந்தார். வாசலில் நின்றார். அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து போய், ஒன்றும் கேட்காமல், இடது கையால் அவர் கன்னத்தில் அறைந்தான். செருப்புக் கால் தடுமாறி அவர் கீழே விழுந்தார். எழுந்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். அண்ணன் மறுபடி அறைந்தான். மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியவன், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அன்று அவரும் நானும் வாழைத்தோப்பு வரப்பில் நின்று பேசினோம்.

“ஏனுங்க சொல்லலை? ஒரு வார்த்தை. ‘எனக்குப் பழம் ஆகாது’ன்னு ஒரே வார்த்தை.”

“பழம் திங்கப் பயப்படற ஆம்பளையப் பாத்திருக்கியா? பள்ளிக்கூடத்துல எல்லாரும் கொய்யாக்காயக் கடிச்சுத் துப்புவாங்க என் மேல. அம்மா சூடு போட்டதுக்கப்புறம் எதைக் குடுத்தாலும் விழுங்கிப்போட்டு, அக்கட்டால போயி வாந்தி எடுத்துருவேன். நம்ம கல்யாணத்துல பாலும் பழமும் குடுத்தாங்கல்ல, அதைக்கூடக் கன்னத்துல அடக்கிவெச்சுத் துண்டுல துப்பிட்டேன்.”

“அது செரி. என்னைய அடிக்கறப்போ?”

“அண்ணன் கையில சாட்டை இருந்தா எனக்குப் பேச்சு வராது. எப்பவும் வராது” என்றார்.

பொய் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஊருக்கு இனி வரமாட்டேன், உங்களுக்குச் சம்மதம் என்றால் சேலத்தில் வீடு பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒரு லாரி உதிரிபாகக் கடையில் வேலையும் தேடிக்கொண்டார். மாமியார் எதற்குப் பயந்தாரோ அது நடந்தது. நான் எந்த மருந்தும் வைக்காமலே நடந்தது.

சேலத்தில் வாழ்க்கை மெதுவாக நிமிர்ந்தது. அங்கேயும் மாசி பங்குனியில் இழுப்பு வரும், ஆனால் முள்மரக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தபோது வந்த அளவு இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டாக்டர் அவர் முன்கையில் சொட்டுச் சொட்டாக ஏதேதோ வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசியால் லேசாகக் குத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு மட்டும் கொசுக் கடித்த மாதிரி தடித்து, படர்ந்து, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியது. அது சீமைக்கருவேலப் பூவின் மகரந்தம் என்றார்.

“பழம் எங்கிருந்து வந்துதுங்க இதுல?” என்று நான் கேட்டேன்.

“பூந்தூளுக்கு உள்ள இருக்கற ஒரு சத்து மாதிரியே சில பழத்துலயும் இருக்கும்மா. இவர் ஒடம்பு பூவோட சண்டை போட்டுப் பழகிருச்சு. அதே சாடையில பழம் வந்தா அதையும் எதிரின்னு அடிக்குது. நெறையப் பேருக்கு வாய் அரிப்போட போயிரும். இவருக்குத் தொண்டைக்கும் எறங்குது. அதனால பச்சையாத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் வேகவெச்சா அந்தச் சத்து கெட்டுப்போயிரும், ஒண்ணும் பண்ணாது.”

தக்காளி ரசத்தை அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பதும், பச்சைத் தக்காளியை நறுக்கும்போது எழுந்து போய்விடுவதும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாடையைப் பார்த்து அடிக்கிற உடம்பு. எங்கள் வீட்டு வாசலில் நடந்ததும் அதுதானே என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள் எங்களுக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். மாமியார் பேத்தியைப் பார்க்கச் சேலம் வந்துபோகத் தொடங்கினார். எனக்கும் அவருக்கும் பேச்சு குறைவு. ஒரு நாள் குழந்தை கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “வாயி ஊருது” என்றாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் மாமியார் ஓடிப்போய் அவள் வாய்க்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டியிருந்தார். “துப்பு சாமி. துப்பு. ஒண்ணும் சொல்லமாட்டேன், துப்பிப்போடு.” குழந்தை துப்பியது. அன்றைக்கு முதல் அவருக்கு நானே சோறு போட்டேன்.

மூத்தாரிடம் மட்டும் அதுவரை நான் பேசியதில்லை. எண்பதுகளின் நடுவில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார், அதனால் நாங்கள் அந்த ஊருக்குப் போகவேண்டி வந்தது. மாசிக் கடைசி. தம்பி வருகிறான் என்று தெரிந்ததும் மூத்தார் ஒரு காரியம் செய்தார். கோடாலியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நின்ற வேலிக்காத்தான் மொத்தத்தையும் வெட்டத் தொடங்கினார். ஆள் வைக்கவில்லை. ஒற்றை ஆளாக வெட்டினார். முள் கிழித்துக் கையிலும் மார்பிலும் இரத்தம் வழிய வழிய வெட்டினார். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது கடைசி வரிசை விழுந்துகொண்டிருந்தது.

பூத்து நின்ற மரங்கள். ஒவ்வொன்றும் விழும்போது மஞ்சள் புகை மாதிரி எழும்பிப் பரவியது. நான் “வேண்டாமுங்க, நில்லுங்க!” என்று கத்தினேன். தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் இன்னும் ஓங்கி வெட்டினார். என் கணவர் வேலியைத் தாண்டவில்லை. அங்கேயே மண்டியிட்டார். அவர் மூச்சு அடைத்து நான் பார்த்ததிலேயே மோசமானது அதுதான். வாயோரம் நுரை வந்தது. கை மண்ணைப் பிறாண்டியது. மூத்தார் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தம்பியை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார். வந்த லாரிக்கு முன்னால் நடுச் சாலையில் நின்று மறித்தார்.

நாமக்கல்லில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம். அவர் சட்டை முழுக்க மஞ்சள் தூசி. முள் கிழித்த காயங்களில் அந்தத் தூசி ஒட்டிக் காய்ந்திருந்தது. உள்ளே மூச்சு சீராகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். மூத்தார் சுவரில் நெற்றியை மோதி மோதி அழுதார்.

“அம்மிணி, நல்லது பண்றேன்னு நெனைச்சுத்தான் பண்ணுனேன். அன்னைக்கும் அப்பிடித்தான் நெனைச்சேன்.”

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. “உள்ள போறதுக்கு முன்னால மேலெல்லாம் கழுவிட்டு வாங்க. அந்தத் தூசியோட பக்கத்துல போனா மறுபடி வந்துரும்” என்றேன். வேலியோரம் கத்தியதை விட்டுவிட்டால், பத்து வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் போய்க் குழாயடியில் வெகுநேரம் நின்று, தலையோடு குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார்.

அடிமரங்கள் அடுத்த மழைக்கே துளிர்த்தன. வேலிக்காத்தான் அவ்வளவு சுலபத்தில் சாகாது. மூத்தார் அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி அடைமழையில், பூவே இல்லாத நாளாகப் பார்த்து, ஈர மண்ணிலிருந்து வேரோடு தோண்டி எடுத்தார். என் கணவர் தை வரைக்கும்தான் அந்த ஊருக்குப் போவார். மாசி பிறந்துவிட்டால் மூத்தாரே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போவார். வரும்போது கடலை கொண்டுவருவார். பழம் கொண்டுவந்ததே இல்லை. அவர் வருகிற நாட்களில் என் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அவனை வா என்று நானும் கூப்பிட்டதில்லை.